பானெட்டைத் தூக்கி வைத்த அந்த ஒரு நிமிடம்

கேள்வி:

நான் கார் ராலிகளில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழியும் நேரமும் சொல்கிற நேவிகேட்டராக இருக்கிறேன். வயது 26. போன சீசனில் ஒரு செம்மண் ராலி. முதல் நாள் கடைசி ஸ்டேஜ் (நேரம் கணக்கிடும் பாதைப் பகுதி) முடிந்தபோது நாங்கள்தான் முதலிடம், 7 வினாடி முன்னிலை. முதல் நாள் முந்தியவர் மறுநாள் முதல் ஆளாகக் கிளம்ப வேண்டும் என்பது அந்த ராலியின் விதி. முதலில் போகிற காருக்குத்தான் பாதையில் கிடக்கும் சரளை முழுவதும் வந்து சேரும். அதனால் எங்கள் டிரைவர், "கடைசி டைம் கண்ட்ரோல்ல ஒரு நிமிஷம் லேட்டா கார்டைக் கொடு" என்றார். டைம் கண்ட்ரோல் என்றால் குறித்த நிமிடத்தில் டைம் கார்டைக் கொடுத்து நேரம் பதிய வேண்டிய இடம், தாமதமானால் நிமிடத்துக்கு 10 வினாடி தண்டனை. கண்ட்ரோலுக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரங்கட்டி, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று பானெட்டைத் தூக்கி வைத்தோம். பின்னால் வந்த போட்டி அணியின் நேவிகேட்டர் வண்டியை நிறுத்தச் சொல்லி, "தம்பி, ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். எனக்குப் பேஸ் நோட்ஸ், அதாவது பாதையின் வளைவுக் குறிப்புகள், எழுதச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். "ஹீட் ஏறிடுச்சுண்ணா, பார்த்துக்கறோம்" என்றேன். தண்ணீர் கேனைக் கொடுத்துவிட்டுப் போனார். 3 வினாடி பின்தங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தோம். மறுநாள் அவர்கள் முன்னால் போனார்கள். நாங்கள் 11 வினாடியில் ஜெயித்தோம். பரிசளிப்பு முடிந்ததும் எங்கள் டிரைவர் இதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த அண்ணன் என் போனை எடுப்பதில்லை. விதியில் இடம் இருந்தது, தண்டனையையும் வாங்கிக்கொண்டோம். நான் செய்தது தப்பா? அடுத்த ராலியிலும் இதையே செய்யலாம் என்கிறார் டிரைவர்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 14 வருடம் நேவிகேட்டர் சீட்டில் உட்கார்ந்தவன் நான். அப்புறம் டைம் கண்ட்ரோல் மேசையில் இருந்தேன், இப்போது விதிமீறல்களை விசாரிக்கும் ஸ்டுவர்டாக இருக்கிறேன். நீங்கள் கேட்டது ஒரு கேள்விதான், ஆனால் கடிதத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, ஒரு நிமிடம் தாமதமாகக் கார்டைக் கொடுத்தது. இன்னொன்று, அந்தத் தண்ணீர் கேன்.

முதல் விஷயத்துக்கு என் பதில்: தப்பில்லை. இதில் எனக்குத் தயக்கம் எதுவும் கிடையாது.

ராலி பார்க்காதவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஸ்டேஜில் கார்கள் ஒன்றாகக் கிளம்புவதில்லை, இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பும். மண் பாதையின் மேல் உருண்டை உருண்டையாகச் சரளை கிடக்கும். முதல் காரின் டயருக்கு அதில் பிடிப்பு கிடைக்காது. வளைவில் வெளியே இழுக்கும், பிரேக் போட்டாலும் வழுக்கிக்கொண்டே போகும். அந்தக் கார் போன தடத்தில் சரளை ஒதுங்கி, அடியில் இருக்கும் கெட்டித் தரை தெரியும். இரண்டாவது காருக்குக் கொஞ்சம் நிம்மதி, ஐந்தாவது காருக்கு ஏறக்குறைய சுத்தமான பாதை. முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவர்களுக்காகத் தெருக்கூட்டுகிறார் என்றுதான் ராலிக்காரர்கள் சொல்வார்கள். மழை பெய்தால் கதை மாறும், ஈர மண்ணில் முன்னால் போவதே நல்லது. காற்று இல்லாத நாளில் புழுதி அப்படியே தொங்கும், அப்போதும் முதல் காருக்குத்தான் கண் தெரியும். இதையெல்லாம் கணக்குப் போட்டு எந்த இடத்தில் கிளம்பினால் லாபம் என்று யோசிப்பது ஒரு நேவிகேட்டரின் வேலையிலேயே சேர்ந்தது.

நீங்கள் செய்த கணக்கை உலக சாம்பியன்களே செய்திருக்கிறார்கள். 2011 கிரீஸ் அக்ரோபொலிஸ் ராலியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய உலக ராலி சாம்பியன்ஷிப் விதியும் உங்கள் ராலியின் விதி போலத்தான், முந்தியவர் மறுநாள் முதலில் கிளம்ப வேண்டும். செபாஸ்தியன் ஓஜியே இரண்டாம் நாள் கடைசியில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, தன் சிட்ரோயென் அணியின் செபாஸ்தியன் லோப்பை முன்னால் தள்ளிவிட்டார். மறுநாள் லோப் பாதையைச் சுத்தம் செய்துகொண்டு போனார், ஓஜியே ஜெயித்தார். ஒரே அணிக்குள் பெரிய மனக்கசப்பு. ஆனால் ஓஜியே ஏமாற்றினார் என்று யாரும் புகார் கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் அவர் எதையும் ஏமாற்றவில்லை. மெதுவாகப் போகக்கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

அங்கே பெரிய குற்றம் விதியை எழுதியவர்களுடையது என்பேன். வேகமாகப் போகிறவனுக்குத் தண்டனை, மெதுவாகப் போகிறவனுக்குப் பரிசு என்று எழுதி வைத்துவிட்டு, எல்லோரும் வேகமாக வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்கும் அது புரிந்துதான் அடுத்த ஆண்டே, 2012ல், மண் ராலிகளுக்குத் தகுதிச் சுற்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் வேகமாக ஓட்டியவர் தனக்கு எந்த இடம் வேண்டும் என்று முதலில் தேர்ந்தெடுக்கலாம். அது 2013 வரைதான் இருந்தது. பிறகு பல தடவை மாற்றி, முதல் நாள் சாம்பியன்ஷிப் புள்ளி வரிசை, அதற்கப்புறம் தலைகீழ் வரிசை என்ற இடத்துக்கு வந்தார்கள். இன்றைய முறையில் முன்னிலையில் இருப்பவர் பின்னால் கிளம்புகிறார், அதனால் மெதுவாகப் போக அவருக்குக் காரணம் இல்லை. உங்கள் ராலியின் அமைப்பாளர்களும் இதைச் செய்யலாம். சிறிய ராலிகளில் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும், எல்லாக் கார்களையும் தலைகீழாக அனுப்பினால் வேகமான கார் மெதுவான காரின் புழுதிக்குள் போய் மாட்டும். முன்னணிக் கார்கள் சிலவற்றை மட்டும் திருப்பி, இடைவெளியைக் கூட்டினால் போதும். சீசன் தொடங்கும் முன் இதை எழுதிக் கொடுங்கள். இந்த ஓட்டையைப் பயன்படுத்தியவரே அதை அடைக்கச் சொன்னால் அமைப்பாளர்கள் காதுகொடுப்பார்கள்.

சரி, விதியில் இடம் இருந்தால் எதையும் செய்யலாமா? 1995ல் ஸ்பெயினின் கதலூனியா ராலியில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாக வருகிற ஸ்டுவர்டுகளிடம் நான் முதலில் சொல்வதும் இந்த ராலியைப் பற்றித்தான்.

அந்த ராலியில் சுபாரு அணியின் கார்லோஸ் சைன்ஸும் காலின் மெக்ரேயும் முதல் இரண்டு இடங்களில் இருந்தார்கள். சைன்ஸ் ஜெயிக்கட்டும், இடத்தை மாற்றாதீர்கள் என்று அணித் தலைவர் டேவிட் ரிச்சர்ட்ஸ் சொல்லிவிட்டார். மெக்ரேவுக்கு ஆத்திரம். கடைசி நாளில் உத்தரவை மீறி விரட்டி ஓட்டி முன்னிலைக்கு வந்துவிட்டார். கடைசியில் அவரை ஒரு நிமிடம் தாமதமாக டைம் கண்ட்ரோலுக்குள் நுழைய வைத்தார்கள். ஆமாம், உங்கள் டிரைவர் சொன்ன அதே ஒரு நிமிடம். வெற்றி சைன்ஸுக்குப் போனது. ஊரே பார்க்க நடந்தது, மெக்ரேயின் கோபம் உட்பட எதுவும் மறைவில்லை. பார்த்த ரசிகர்களுக்குக் கசப்புதான், எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் தங்கள் பாக்கெட்டில் இருந்த நேரத்தைத்தான் சுபாரு செலவழித்தது. இருவரும் சரிசமமாக 70 புள்ளியோடு பிரிட்டனின் ஆர்ஏசி ராலிக்குப் போனார்கள். அங்கே மெக்ரே ஜெயித்து அந்த ஆண்டின் உலக சாம்பியன் ஆனார்.

அதே கதலூனியாவில்தான் டொயோட்டா மாட்டியது. டர்போவுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்த ஒரு வளையம் இருக்கும், ரெஸ்ட்ரிக்டர் என்போம். அந்த ஆண்டு அதன் துளை 34 மில்லிமீட்டர். டொயோட்டா செய்தது என்னவென்றால், டர்போவில் பொருத்தி இறுக்கும்போது வளையம் கொஞ்சம் நகர்ந்து, பக்கவாட்டில் கூடுதல் காற்றுக்கு வழிவிடும். சோதனைக்காகக் கழற்றினால் ஸ்பிரிங் மூலம் தானே பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். சோதிப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லியே, தன் முப்பது ஆண்டு அனுபவத்தில் இவ்வளவு நுட்பமான ஒன்றைப் பார்த்ததில்லை என்று வியந்தார். வியந்துவிட்டு 12 மாதம் தடை போட்டார்கள், அந்த ஆண்டின் புள்ளிகளும் போயின.

ஒரே ராலி. சுபாரு செய்தது அவர்களுடைய டைம் கார்டிலேயே எழுதியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். டொயோட்டாவின் வேலையோ பார்க்கிற கண்ணை ஏமாற்றினால்தான் நடக்கும். ஸ்டுவர்டு அறையில் உட்காரும்போது நான் கேட்கிற கேள்வி இதுதான்: இவர்கள் செய்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் அது வேலை செய்திருக்குமா?

இப்போது உங்கள் பானெட்டுக்கு வருவோம்.

கண்ட்ரோலுக்கு முன்னால் மஞ்சள் பலகை இருக்கும், அப்புறம் சிவப்புப் பலகை. உங்கள் நிமிடம் வரும்வரை மஞ்சள் பலகைக்கு வெளியே வண்டியை நிறுத்திக் காத்திருப்பது அன்றாடம் நடப்பது. நீங்களும் அங்கே நிறுத்தி, கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த அண்ணன் கேட்டபோது "ஒரு நிமிஷம் லேட்டாப் போறோம்ணா" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் சிரித்திருப்பார், அல்லது திட்டியிருப்பார். அவருக்கும் டைம் கார்டு இருக்கிறது, அவரும் தன் டிரைவரோடு ஒரு கணக்குப் போட்டிருப்பார். இரண்டு அணியும் மஞ்சள் பலகைக்கு முன்னால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். அதுவும் ஆட்டம்தான். நீங்கள் அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சந்தேகம் வரக்கூடாது என்றுதான் பானெட்டைத் தூக்கினோம் என்று. அந்த இடத்தில் நீங்கள் சுபாரு பக்கத்திலிருந்து டொயோட்டா பக்கம் போய்விட்டீர்கள்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே வலித்தது அதுகூட இல்லை. ராலியில் ஓரமாக நிற்கிற காருக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. சர்க்யூட் பந்தயத்தில் வண்டி நின்றால் நாலு பக்கமும் மார்ஷல்கள் ஓடி வருவார்கள். நமக்குக் காடும் மேடும்தான். ஸ்டேஜுக்குள் விபத்து நடந்தால் முதலில் வந்து சேர்வது ஆம்புலன்ஸ் இல்லை, அடுத்த கார். எஸ்ஓஎஸ் பலகை காட்டினால் பின்னால் வருகிறவர் நின்றே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது, நின்றவருக்கு இழந்த நேரத்தை ஈடுசெய்யவும் வழி இருக்கிறது. ஸ்டேஜுக்கு வெளியே, சாதாரண ரோட்டில், அப்படி எந்த விதியும் இல்லை. அந்த அண்ணன் நின்றது பழக்கத்தால். நாளைக்கு நமக்கும் இப்படித்தான் என்கிற எண்ணத்தால்.

என்னிடமே ஒரு கதை இருக்கிறது. நான் சீட்டில் இருந்த காலத்தில் ஓர் அணி இந்த பானெட் வேலையை இரண்டு ராலிகளில் செய்தது. எல்லோருக்கும் தெரிந்துபோனது. மூன்றாவது ராலியில் அதே கார் பாலத்தடியில் பானெட்டைத் திறந்தபடி நின்றது. "இவங்களுக்கு வேற வேலை இல்லை, போங்க" என்று டிரைவரிடம் சொன்னேன், போய்விட்டோம். எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு கார்களும் நிற்கவில்லை. ரேடியேட்டர் குழாய் வெடித்து, கொதிக்கிற தண்ணீர் அந்த நேவிகேட்டரின் முன்கையெல்லாம் பட்டிருந்தது. நான்காவது காரில் வந்தவர்கள்தான் நிறுத்தி, அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தத் தழும்பை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். நிற்காமல் போன குற்றம் என்னுடையது, அதை வேறு யார் தலையிலும் போடமாட்டேன். ஆனால் என்னை நிற்கவிடாமல் செய்தது முந்தைய இரண்டு பானெட்டுகள்.

உங்களிடம் "அடுத்த ராலியிலும் இதையே செய்யலாம்" என்று டிரைவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அப்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

விதிமுறைப்படி பார்த்தாலும் உங்களுக்கு முழுப் பாதுகாப்பு கிடையாது. போட்டியின் நலனுக்கோ மோட்டார் விளையாட்டின் நலனுக்கோ கேடு செய்யும் செயல் எதுவும் குற்றம் என்று சர்வதேச விளையாட்டு விதித்தொகுப்பில் ஒரு பொதுவான விதி இருக்கிறது. ஒரு நிமிடத் தாமதத்தை அதன் கீழ் யாரும் கொண்டுவர மாட்டார்கள். பொய்யாகப் பழுது காட்டி ஒரு போட்டியாளரை நிறுத்த வைத்தது என் மேசைக்கு வந்திருந்தால், உங்களையும் டிரைவரையும் கூப்பிட்டு விசாரித்திருப்பேன்.

எழுத்தில் இருப்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1966 மான்டே கார்லோ ராலியையும் சொல்லலாம். அங்கே அதைச் செய்தது போட்டியாளர்கள் இல்லை, அமைப்பாளர்கள். டிமோ மாக்கினென், ரவ்னோ ஆல்டோனென், பேடி ஹாப்கிர்க் மூவரும் மினி கூப்பரில் முதல் மூன்று இடம். நான்காவது ரோஜர் கிளார்க்கின் ஃபோர்ட் கார்டினா. முகப்பு விளக்கின் பல்பு விதிப்படி இல்லை என்று நால்வரையும் நீக்கிவிட்டு, சிட்ரோயென் ஓட்டிய பின்லாந்துக்காரர் பவ்லி டோய்வோனெனுக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். பட்டியலில் இன்றும் அவர் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அந்த ராலியைப் பற்றிப் பேசுகிற யாரும் மினியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். டோய்வோனெனுக்கே அந்த வெற்றியில் சந்தோஷம் இல்லை. பாவம், அவர் எந்தத் தப்பும் செய்யாதவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் டைம் கார்டைக் கையில் வைத்திருப்பவர். 2005 செப்டம்பர் 18, வேல்ஸ் ராலியின் கடைசி நாள். மார்கோ மார்ட்டினின் பெஜோ கார் மரத்தில் மோதியதில் அவருடைய நேவிகேட்டர் மைக்கேல் பார்க் இறந்துபோனார். மிச்சமிருந்த ஸ்டேஜ்களை ரத்து செய்தார்கள். அப்போது முன்னிலையில் இருந்தவர் லோப். அப்படியே முடிந்தால் வெற்றியும் அவருக்கு, அந்த ஆண்டின் உலகப் பட்டமும் அன்றே அவருக்கு. லோப் வேண்டுமென்றே டைம் கண்ட்ரோலில் 2 நிமிடம் தண்டனை வாங்கிக்கொண்டார். மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். ஒரு நேவிகேட்டர் இறந்த நாளில் பட்டம் வேண்டாம் என்று, அடுத்து ஜப்பான் ராலியில்தான் அதை வாங்கினார். வெற்றி பெட்டர் சோல்பெர்க்கிடம் போனது. அவருக்கும் அன்று கொண்டாட மனமில்லை. தண்டனை நேரத்தைக் கேட்டு வாங்குகிற அதே வேலைதான் நீங்களும் செய்தீர்கள். அந்த டைம் கண்ட்ரோல் மேசையில் ஒரு நேவிகேட்டர் என்னவெல்லாம் செய்யலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

இப்போது என்ன செய்யலாம்? கோப்பையைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. மறுநாள் 14 வினாடி எடுத்தது உங்கள் டிரைவரின் ஓட்டமும் உங்கள் நோட்ஸும்தான், பாதை உதவியிருந்தாலும்கூட. திருப்பிக் கொடுப்பது ஒரு காட்சியாக முடியும், அந்த அண்ணனுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

போன் எடுக்கவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதாதீர்கள். நேரில் போங்கள். அடுத்த ராலிவரை காத்திருக்க வேண்டாம், சர்வீஸ் பார்க்கில் பத்துப் பேர் நடுவில் இது பேசக்கூடிய விஷயமில்லை. வீட்டுக்கோ கராஜுக்கோ போய், "கார்டை லேட்டாக் கொடுத்ததுக்கு நான் வருத்தப்படலைண்ணா, உங்ககிட்ட பொய் சொன்னதுக்குத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். முதல் பாதியை மறைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டால் அவர் நம்பமாட்டார், அவரும் ராலிக்காரர். விதியில் இடம் இருந்தது என்ற பேச்சை அங்கே எடுக்கவே வேண்டாம். அவர் உடனே பேசாமல் இருக்கலாம். அது அவர் இஷ்டம், அதற்காக மறுபடி மறுபடி போய் நிற்காதீர்கள்.

டிரைவரிடம் பேசுவது இதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். காரும் அவருடையது, ஸ்பான்சரும் அவருடையவர், நீங்கள் இல்லாவிட்டால் வேறொரு நேவிகேட்டர். ஆனாலும் அடுத்த ராலியின் ரெக்கிக்கு, அதாவது பாதையை முன்கூட்டிப் பார்த்துவர, போகும் வழியில், வண்டியில் நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது சொல்லிவிடுங்கள். தாமதமாகப் போகணுமா, போகலாம், எத்தனை நிமிடம் என்று கணக்கை நானே போட்டுத் தருகிறேன், மஞ்சள் பலகைக்கு முன்னால் எல்லோரும் பார்க்க நிற்கலாம். பானெட் மட்டும் பழுது இருந்தால்தான் திறக்கும். கண்ட்ரோலில் கார்டை நீட்டுவது என் கை, கேட்கிறவருக்குப் பதில் சொல்வது என் வாய், அதனால் இதை நான் முடிவு செய்கிறேன் என்று சொல்லுங்கள். நல்ல டிரைவர் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு எழுதுங்கள், நல்ல நேவிகேட்டரைத் தேடும் டிரைவர்கள் எனக்கு இரண்டு மூன்று பேரைத் தெரியும்.

அப்புறம், அவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு போங்கள். அது அவருடையது.